சரசு வெட்டின பட்டை

சாமி,

போன செவ்வாக்கிழமை பெங்களூர்லருந்து நீ போன் பண்ணினப்ப நான் பட்டறையில ஊசிக்கு நூல் கோத்துட்டு இருந்தேன். நாலு தடவை பாத்தும் நூல் உள்ள போகல. நீ சந்தோசமாப் பேசினே. பெரிய கடைக்காரர் ஒருத்தர் நம்ம கிதார் பட்டையைத் தோள்ல மாட்டிப் பாத்துட்டு, இருநூறு பட்டை வேணும்னு கேட்டிருக்காருன்னு சொன்னே. அப்புறம் உன் குரல் இறங்கிருச்சு. "துணிக்கு அம்மாபேட்டைத் தறி இருக்கு, தையலுக்கு நீ இருக்கே, தோலு வெட்டத்தாம்மா கை இல்ல. சரசக்கா மாதிரி ஒரு கை வேணும். ஆனா அந்தத் தப்புப் பண்ணாத கையா இருக்கோணும்"னு சொன்னே. நான் ஒண்ணும் பேசல. சிக்னல் போயிருச்சுன்னு நெனச்சு நீ வெச்சிட்டே. சிக்னல் போகல சாமி. எனக்குத்தான் வாய் வரல.

அதனாலதான் எழுதறேன். அஞ்சாவதோட நின்ன எழுத்து, கோணலாத்தான் இருக்கும், பாத்துப் படி. உன் மகளோட பழைய நோட்டுல மிச்சமிருந்த தாள்ல எழுதறேன். நேர்ல சொன்னா பாதியில நீ "சரி விடும்மா"ன்னு எந்திரிச்சுப் போயிருவே. நானும் அதுதான் சாக்குன்னு விட்டுருவேன். ரெண்டு வருசமா அப்படித்தான் விட்டுட்டு இருக்கேன். எனக்கு அறுபத்தெட்டு முடிஞ்சிருச்சு. மெசின் பெடலை மிதிச்சு மிதிச்சு முட்டி ரெண்டும் வீங்கிக் கிடக்குது. காலையில எந்திரிக்கறப்பவே சாயந்திரம் மாதிரி இருக்குது. நாளைக்கு நீ வந்து பையை இறக்கி வெச்சதும் இதை உன் கையில குடுத்துட்டுக் கோயிலுக்குப் போயிருவேன். நான் திரும்பி வரதுக்குள்ள படிச்சு முடிச்சிரு.

எனக்கு ஞாபகம் ஜாஸ்தின்னு நீ எப்பவும் கேலி பண்ணுவே. எங்கம்மா மனசு கல்வெட்டு, ஒருதரம் வெட்டினா அழியாதுன்னு உன் பொண்டாட்டிகிட்டச் சொல்லிச் சிரிப்பே. ஆமா, எனக்கு ஒண்ணும் மறக்காது. நீ வேலையை விட்டுட்டுக் கிதார் பட்டை தைக்கறேன்னு ஆரம்பிச்ச வருசம், நம்ம ஒறம்பரை ஊட்டுக் கல்யாணத்துல பந்திக்கு நான் சாதக் கூடையைத் தூக்கினேன். உன் அத்தை, உங்கப்பாவோட அக்கா, எல்லாரு முன்னாடியும் கூடையைப் புடுங்கினா. "மகன் தோலை அறுக்கறான், ஆத்தா அதைத் தெக்கறா, அந்தக் கையில சோறு போட்டா ஆரு திம்பா?"ன்னு கேட்டா. பச்சை நிறச் சீலை கட்டியிருந்தா, மூக்குத்தியில ஒரு கல்லு இல்ல. அவ்வளவு ஞாபகம் இருக்குது. அதுக்கப்புறம் அவ ஊட்டு வாசப்படியை நான் மிதிக்கல. அவ ஆஸ்பத்திரியில கிடந்தப்பவும் போகல. நீ போய்ப் பாத்துட்டு வந்தே. போயிட்டு வந்ததுக்கு உங்கிட்டயும் நாலு நாள் பேசல. இப்பவும் அவளை நெனச்சா எனக்கு வயிறு எரியுது. ஆனா நான் எழுத வந்தது அவளைப் பத்தியில்ல. அவ சொன்ன அதே வார்த்தையை நான் மனசுக்குள்ள இன்னொருத்திக்குச் சொல்லிட்டிருந்தேன். அதைப் பத்தி.

சரசு வேலைக்கு வந்த அன்னைக்கு நீ அவளை "அக்கா வாங்க"ன்னு கூப்பிட்டு மணப்பலகையில உக்கார வெச்சே. அவளோட அப்பன் சங்ககிரி பஸ் ஸ்டாண்டுல செருப்புத் தெச்சவரு, அது எனக்குத் தெரியும். நீ டீ வாங்கிட்டு வந்தே. எல்லாருக்கும் டம்ளர்ல ஊத்தினேன். அவளுக்கு மட்டும் பேப்பர் கப்புல ஊத்தினேன். டம்ளர் பத்தலைன்னு சொன்னேன். அலமாரியில ஆறு டம்ளர் கவுத்து வெச்சிருந்தது அவ கண்ணுக்கும் தெரிஞ்சது. மறுநாள் ஒரு கட்டு பேப்பர் கப்பு நானே வாங்கி வெச்சேன். அவ இருந்த மூணு வருசமும் அதுல ஒரு கட்டு தீரறதுக்குள்ள அடுத்தது வந்துரும். நீ கவனிக்கல. கவனிச்சிருக்கோணும். பட்டறை நடத்தறவன் ஆருக்கு எதுல டீ போகுதுன்னு பாக்கோணும், இதை என் வாயால சொல்ற வெக்கத்தோட சொல்றேன்.

அவ கையைப் பத்தி உனக்கு நான் சொல்ல வேண்டாம். பட்டையோட ரெண்டு முனையிலயும் தோல்ல ஒரு ஓட்டை. கிதார்ல இருக்கற குமிழ் அந்த ஓட்டைக்குள்ள நுழையோணும், நுழைஞ்சா வெளிய வரக்கூடாது. ஓட்டைக்கு மேல அவ ஒரு கீறல் போடுவா, ஒரு நெல்லு நீளம். அளவுகோல் வெக்க மாட்டா. கட்டை விரலைத் தோல்ல அழுத்திப் பாத்துட்டுத்தான் கத்தி வெப்பா. ஒவ்வொரு பட்டையிலயும் அஞ்சு கிலோ படிக்கல்லைக் கட்டி ஒரு பகல் முழுக்கத் தொங்க விடுவா. அதுல நிக்காத பட்டையைப் பிரிச்சுப் போட்டுருவா. நான் முப்பது வருசம் உங்கப்பாவோட லாரி சீட்டுத் தெச்சவ. எத்தனையோ லாரிக்கு மெத்தை போட்டிருக்கேன். எனக்கு அவ வேலை மேல பொறாமைன்னு அப்பச் சொல்லத் தெரியல. இப்பச் சொல்றேன், பொறாமைதான்.

ஒரு நாள் நான் தோலுப் பக்கம் ஏதோ சொல்லப் போனேன். முனை ரொம்ப விறைப்பா இருக்குது, வாங்கறவங்க மாட்டச் சிரமப்படுவாங்கன்னு சொன்னேன். அவ தலையைத் தூக்காம, "அம்மா, உங்களுக்குத் தோலு தெரியாதுங்க. நீங்க தையலை மட்டும் பாருங்க"ன்னா. கெட்டதா ஒண்ணும் சொல்லல. பக்கத்துல தெச்சுட்டிருந்த கவிதா க்ளுக்குனு சிரிச்சா, நீயும் சிரிச்சே. நீங்க ரெண்டு பேரும் அடுத்த நிமிசம் மறந்துட்டீங்க. நான் மறக்கல. எவகிட்டப் போயி உனக்குத் தெரியாதுன்னு கேட்டுக்க வேண்டியிருக்குதுன்னு நெனச்சேன். அந்த "எவகிட்ட"ன்னு நெனச்சதுல எல்லாமே இருக்குது சாமி.

மறுநாள் நீயும் அவளும் ஈரோட்டுக்குத் தோல் எடுக்கப் போனீங்க. அஸ்தம்பட்டித் தம்பி ஒருத்தன் கேட்டிருந்த பட்டை கல்லுத் தொங்க விட்டு எடுத்து வெச்சிருந்தது. அதே தோல்ல வெட்டின இன்னொண்ணு ஆணியில இருந்தது. லாரி டிரைவர் சீட்டுத் தோலு விறைச்சா நாங்க வெளக்கெண்ணெய் தடவுவோம், பூனைக்குட்டி மாதிரி ஆயிரும். ரெண்டு பட்டையோட முனையிலயும் எண்ணெயைத் தேச்சுத் தேச்சு ஊற வெச்சேன். சாயந்திரம் துடைச்சு வெச்சேன். மாட்டிப் பாத்தேன், வழுக்கிட்டு உள்ள போச்சு. எனக்கு அவ்வளவு பெருமை. தோலு தெரியாதுன்னாளே, இப்பப் பாருன்னு. சீட்டு உக்காரற பண்டம், அதுக்கு மெது வேணும். இது தாங்கற பண்டம், இதுக்கு விறைப்புத்தான் உசுருன்னு எனக்குத் தோணல. எண்ணெய் குடிச்ச தோலு இழுக்க இழுக்கத் தொளதொளன்னு ஆயி, கீறல் வாயைப் பொளந்திருச்சு.

பட்டையை வாங்கிட்டுப் போயிப் பதினஞ்சு நாள் கழிச்சு அந்தத் தம்பி போன் பண்ணினான். மண்டபத்து மேடையில வாசிச்சிட்டு இருக்கறப்பப் பட்டை கழண்டு கிதார் விழுந்து அதோட கழுத்து ஒடிஞ்சிருச்சாம். நாளைக்குக் காலையில எடுத்துட்டு வாரேன்னு சொன்னான். நீ போனை வெச்சிட்டு, அதே தோல்ல வெட்டின இன்னொண்ணு இருக்குதே, காலையில அதையும் வெச்சுப் பாத்தாத் தெரிஞ்சிரும்னு சொல்லிட்டுக் குளிக்கப் போனே. நீ குளிச்சிட்டு வரதுக்குள்ள நான் ஆணியிலருந்து அந்தப் பட்டையை எடுத்து, கத்திரியில நாலு துண்டாக்கி, கழிவுத் தோலு மூட்டைக்கு அடியில திணிச்சேன். அப்புறம் ஒண்ணும் நடக்காத மாதிரி மெசின்ல உக்காந்து விட்ட தையலைத் தெச்சேன். அதுதான் எனக்கு இன்னைக்கும் பயமா இருக்குது.

அப்புறம் நடந்தது உனக்குத் தெரியும், ஆனா நான் எந்த இடத்துல நின்னு பாத்தேன்னு உனக்குத் தெரியாது. அந்தத் தம்பி ஒடிஞ்ச கிதாரைப் போர்வையில சுத்திக் கைக்குழந்தை மாதிரி கொண்டாந்தான். அவங்கப்பா வாங்கிக் குடுத்ததாம், அழுதுட்டான். நீ பட்டையை வாங்கிச் சரசுகிட்ட நீட்டினே. அவ முனையைப் புடிச்சுப் பாத்தா, மூக்குகிட்டக் கொண்டுபோனா. "நான் கல்லுத் தொங்க விட்டுப் பாத்தேனுங்க தம்பி"ன்னு உங்கிட்டச் சொன்னா. நீ ஆணியைப் பாத்தே. பட்டை இல்ல. "இன்னொண்ணு எங்க? ஒளிச்சிட்டியா?"ன்னு கேட்டே. மூணு வருசமா அக்கா, வாங்க, போங்கன்னு பேசின வாய் உன்னுது. பட்டறை வாசல்ல, பக்கத்து போர்வெல் ரிக் சாமான் கடைக்காரரு, டீ குடிக்க நின்ன ரெண்டு டிரைவரு, கவிதா, அந்தத் தம்பி, அத்தனை பேரு முன்னாடி, "பண்ணறதையும் பண்ணிட்டுப் பொய் வேற பேசறியா, வெளிய போ"ன்னே. நான் மெசினுக்குப் பின்னாடி நின்னேன். வாயைத் திறந்தாப் போதும். திறக்கல. அவ தன் கத்தியை மட்டும் துணியில சுத்தி எடுத்துக்கிட்டா. என்னைப் பாத்து, "நான் வாரேனுங்கம்மா"ன்னா. நான் தலையை ஆட்டினேன்.

உங்கப்பா இருந்திருந்தா என்ன பண்ணியிருப்பாருன்னு நீ கேக்க வேண்டாம், நானே சொல்றேன். நீ ஒண்ணாவது போன வருசம் நம்ம பட்டறையில தெச்ச சீட்டுல கம்பி மேல வந்து ஒரு டிரைவருக்குத் தொடையைக் கிழிச்சிருச்சு. அந்த டிரைவரே மறந்துட்டாரு. இவரு ஊசி, நூலு, சுத்தியல் எல்லாம் தூக்கிட்டு லாரி ஸ்டாண்டுக்கே போயி, எல்லா டிரைவருங்க பாக்க வண்டியில ஏறி உக்காந்து பிரிச்சுத் தெச்சாரு. "என்னுங்க மேஸ்திரி, ஊட்டுக்காரம்மா தெச்சதா?"ன்னு ஒருத்தன் கேட்டிருக்கான். "இல்லப்பா, நாந்தான். கம்பியை மடிக்க மறந்துட்டேன்"னு சொல்லியிருக்காரு. அந்தச் சீட்டைத் தெச்சது நான். எனக்கு அது தெரிஞ்சதும் மானத்தை வாங்கிட்டு வந்துட்டீங்கன்னு ஒரு வாரம் அவரைப் பேசினேன். அவரு சிரிச்சிட்டே, "உனக்கு மானம் கெட்டுப் போகலையே, அப்புறம் என்ன?"ன்னாரு. தப்பை ஒத்துக்கறது கேவலம்னே நான் வளந்துட்டேன் சாமி. உன்னையும் பாதி அப்படித்தான் வளத்திருக்கேன். அவரு பாதி உங்கிட்ட எங்கயாவது இருக்கும். அதைத்தான் இப்பத் தேடறேன்.

 வியாழக்கிழமை உன் பொண்டாட்டிகிட்டக் கண்ணு டாக்டரைப் பாக்கறேன்னு பொய் சொல்லிட்டு நாமக்கல் பஸ் ஏறினேன். சரசு அங்க ஒரு முட்டை குடோன்ல இருக்கறதாக் கவிதா சொல்லியிருந்தா. விசாரிச்சுப் போயிச் சேரறதுக்குள்ள காலு விட்டுப் போச்சு. கூரைத் தகரத்துக்குக் கீழ, தட்டு மேல தட்டா முட்டையை அடுக்கிட்டு இருந்தா. ஒரு தட்டுக்கு முப்பது. ஒண்ணு கூடத் தட்டாம வெக்கறா, அந்தக் கை அப்படியேதான் இருக்குது. என்னைப் பாத்ததும் அடுக்கறதை நிறுத்தல.

"ஏனுங்கம்மா, இந்த வெயில்ல?"

"உன்னைப் பாக்கத்தான் வந்தேன் சரசு."

"பாருங்க."

நான் சொல்லிட்டேன். எண்ணெய் போட்டது, பட்டையைத் துண்டாக்கி ஒளிச்சது, வாய் மூடி நின்னது, மூணையும் வரிசையாச் சொல்லிட்டேன். அவ ஒரு தட்டை முடிச்சு மேல வெச்சா. "தெரியுமுங்க"ன்னா.

"என்ன தெரியும்?"

"மோந்து பாத்தப்பவே தெரியும். வெளக்கெண்ணெய் நாத்தம் எனக்குத் தெரியாதுங்களா? எங்கப்பன் கையில அந்த வாசம்தானுங்க. பட்டறையில எண்ணெய்ப் புட்டி வெச்சிருந்தது நீங்க ஒருத்தர்தான்."

"அப்ப ஏன் சொல்லல?"

அப்பத்தான் அவ என் முகத்தைப் பாத்தா. "நான் சொல்லி, நீங்க இல்லைன்னு சொல்லியிருந்தா, தம்பி ஆரை நம்பியிருப்பாருங்க? பேப்பர் கப்புல டீ குடிக்கறவளையா?"

அவ அடுத்த தட்டை எடுத்தா. இந்த குடோன்ல சேர வந்தப்ப மேஸ்திரி அவகிட்ட, "திருச்செங்கோட்டுப் பட்டறையில சாமானைத் திருடிட்டு வந்தவ நீதானா?"ன்னு கேட்டானாம். நீ அவ தப்பா வெட்டினான்னுதான் சொன்னே, நாமக்கல் போயிச் சேரறதுக்குள்ள அது திருட்டா ஆயிருச்சு. மூணு மாசம் இவ சேலையை உதறிக் காட்டிட்டுத்தான் வெளிய போகோணும்னு வெச்சிருந்தானாம். முட்டையைச் சேலையில எப்படியுங்க கொண்டு போறதுன்னு சொல்லி அவளே சிரிச்சா. எனக்கு அந்தச் சிரிப்பைத் தாங்க முடியல.

வேலைக்குத் திரும்பி வாயேன்னு கேட்டேன். இருநூறு பட்டை ஆர்டரையும் சொன்னேன். அவ, "அது அப்புறம் பேசிக்கலாமுங்க. மொதல்ல என் பேரைத் திருப்பிக் குடுங்க"ன்னா. "உள்ள கூப்பிட்டு மெதுவாச் சொல்ற சோலி வேண்டாமுங்க. என்னைப் பேசினது வாசல்ல, அங்கயே சொல்லோணும். தம்பி பேசினதுக்குத் தம்பி சொல்லட்டும். நீங்க பேசாம நின்னதுக்கு நீங்க சொல்லுங்க. ஒருத்தருக்கு ஒருத்தர் மாத்திச் சொல்லிக்காதீங்க." திங்கக்கிழமை அவளுக்கு லீவு. பத்து மணிக்குப் பட்டறை வாசலுக்கு வரச் சொன்னேன். வாரேன்னு சொல்லல, "பாக்கலாமுங்க"ன்னுதான் சொன்னா. கிளம்பறப்ப ஒரு வாய் தண்ணி குடிங்கன்னு அவ கேக்கல. நானும் கேக்கல. அதையும் என் புத்தி மனசுல குறிச்சு வெச்சுக்கிட்டுத்தான் பஸ் ஏறுச்சு, உங்கிட்ட மறைக்க மாட்டேன். இந்த வயசுல இந்தப் புத்தி போகுமான்னு தெரியல. அதுக்காகக் காத்திருந்தா நேரம் இல்ல.

இன்னைக்குக் காலையில பட்டறை திறந்ததும் என் பங்கைச் சொல்லிட்டேன். நீ வர வரைக்கும் விட்டா உன் பின்னாடி ஒளிஞ்சுக்குவேன், எனக்கு என்னைத் தெரியும். ரிக் சாமான் கடைக்காரரைக் கூப்பிட்டேன், கவிதாவைக் கூப்பிட்டேன், டீக்கடை அண்ணனும் வந்தாரு. வாசல்ல நின்னு, சரசு வெட்டினது சரி, கெடுத்தது நான், ஒளிச்சதும் நான்னு சொன்னேன். ரிக் கடைக்காரரு, "இதைச் சொல்ல ரெண்டு வருசமாங்க ஆத்தா?"ன்னு கேட்டுட்டுக் கடைக்குப் போயிட்டாரு. கவிதாதான் அழுதா. "நான் எங்க தெரு பூராச் சொன்னேனேம்மா, அந்தக்கா அப்படிப்பட்டவன்னு"ன்னா. உன் பொண்டாட்டி அடுப்பை அணைச்சிட்டு வந்து நின்னு எல்லாத்தையும் கேட்டா. கேட்டு முடிச்சதும் உள்ள போயிட்டா. மத்தியானம் எனக்குச் சோறு போட்டுட்டு எதுக்க உக்காரல. அவ கோவம் நியாயந்தான், நீ போய் எனக்காகப் பேசாதே.

உங்கிட்ட நான் கேக்கறது ஒண்ணுதான். என்னை என்ன வேணாலும் பேசு, எத்தனை நாள் வேணாலும் பேசாம இரு. ஆனா விசாரிக்காம ஒருத்தியை வாசல்ல நிக்க வெச்சது நீ. பட்டையைக் காணோம்னதும் உன் கண்ணு நேரா அவகிட்டத்தான் போச்சு, மெசினுக்குப் பின்னாடி நின்ன எங்கிட்ட வரல. ஏன் வரலைன்னு ரோசனை பண்ணு. அது என்னால மட்டும் வந்ததில்ல. இருநூறு பட்டைக்காக அவளைக் கூப்பிடறேன்னு அவ நெனச்சிரக் கூடாது. ஆர்டரைப் பத்தி அன்னைக்கு வாயே திறக்காதே. பெங்களூர்க் கடைக்காரருகிட்ட நாள் ஆகும்னு சொல்லு, போனாப் போகட்டும். அஸ்தம்பட்டித் தம்பிக்கும் நீயே போன் பண்ணு. அவன் நம்மளைப் பத்தி என்ன பேசினானோ தெரியாது, சரசைப் பத்தித் தப்பாத்தான் பேசியிருப்பான்.

திங்கக்கிழமை பத்து மணிக்கு வாசல்ல நில்லு. அவ வந்தாலும் வராட்டியும் நில்லு. ரோட்டுல இருக்கறவங்க காதுல விழற மாதிரி சொல்லு. என் பக்கத்துல நிக்காதே, தள்ளி நில்லு. அப்புறம் ஒண்ணு. நீ நல்ல மனசுக்காரன், எனக்குத் தெரியும், உன் நாக்குல அதுதான் மொதல்ல வரும். எங்கம்மாவுக்கு வயசாயிருச்சு, தெரியாமப் பண்ணிட்டாங்கன்னு ஆரம்பிச்சிராதே. எண்ணெய் போட்டதுதான் தெரியாமப் பண்ணினது. மத்ததெல்லாம் தெரிஞ்சே பண்ணினேன். அப்படியே சொல்லு.

உன்னைப் பெத்தவ